இரட்டை லென்ஸ் கேமராவின் நியாயமான விலை

பழைய கேமராவுக்கு விலை கேட்கப் போகிறவர் முதலில் பக்கத்தில் இருக்கும் வேறு எதையாவதுதான் எடுத்துப் பார்க்க வேண்டும் சார். எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும்.

என் பெயர் சக்கரபாணி. செராமிக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை எண்ணி லாரியில் ஏற்றுவது வேலை. பன்னிரண்டு வருடமாக எனக்கு ஒரே ஆசை, நூற்றிருபது சைஸ் ஃபிலிம் போடுகிற, இரட்டை லென்ஸ் வைத்த பெரிய கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம், ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவுக்குச் சதுரமாக விழும். வாங்கும் முன் நாலு இடத்தில் விசாரிக்க வேண்டுமல்லவா. விசாரித்தேன். யாஷிகா சென்னையில் இருபத்திரண்டாயிரம். ரோலிகார்டு முப்பது, ஆனால் லென்ஸில் பூஞ்சை. மாமியா சி330 மும்பையில் நாற்பத்தைந்து. ஜப்பானிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியோடு எழுபதைத் தொடும்.

அதே மாமியா, பூஞ்சை இல்லாமல், தோலுறையோடு, ஜங்ஷன் ரோட்டில் பிலோமின்ராஜ் அண்ணன் ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. முப்பதாயிரம் தருவதாகச் சொன்னேன். உள்ளூர் என்பதால் பார்சல் செலவும் இல்லை.

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இது எங்கயும் போவாது பாணி," என்றார். "எம் பொண்டாட்டிய மொத மொதல்ல படம் புடிச்சது இதுலதான். எனக்கப்புறம் நீயே எடுத்துக்க. ஆன் மேரிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

ஆன் மேரி அவர் மகள். திட்டக்குடியில் டீச்சர்.

தேதி போடாமல் ஒருவர் வாக்குக் கொடுத்தால் கேட்டவன் காத்திருக்கத்தானே வேண்டும். நான்கு வருடம் காத்திருந்தேன். நடுவில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதே நான்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இன்னும் பத்து வருடம் கவலையில்லை என்று டாக்டர் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் தூங்கினார். நான் போனில் விலை பார்த்தேன். சென்னையில் இளவட்டங்கள் மறுபடி ஃபிலிம் பக்கம் வந்துவிட்டார்கள், வருடத்துக்கு ஐயாயிரம் ஏறுகிறது. பத்து வருடத்துக்குள் ஆன் மேரிக்கு யாராவது விலை நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு இதெல்லாம் தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் பூசை முடிந்து வந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தார். "ஷட்டர் ஒட்டுதான்னு பாரு பாணி," என்று கேமராவை என் கையில் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"டிராயர்ல... அந்த டப்பாவ எடு."

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் காலி ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். டிராயர் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் விலை பேசுவது அநாகரிகம். நான் பேசவில்லை. ஷட்டர் வேகத்தை ஒரு செகண்டில் வைத்து அழுத்தினேன், சரியாக மூடியது. அரை, கால், எட்டில் ஒன்று. "பாணி" என்று இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார். ஐந்நூறில் ஒன்று வரை பார்த்து முடித்தபோது அறையில் சத்தமில்லை. டிராயரைத் திறந்து டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது அங்கேயே இருந்தால் மாத்திரை இருந்தும் கொடுக்கவில்லை என்று நாலு பேர் பேசுவார்கள். பிறகுதான் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஆன் மேரியே கேமராவைக் கொண்டுவந்தாள். "அப்பா சொன்னதுங்க சித்தப்பா. காசெல்லாம் வேணாங்க," என்றாள். சும்மா வாங்குவது முறையில்லை என்று இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணித்தேன். அழுதுவிட்டாள்.

ஸ்டுடியோவுக்கு எதிரே பொம்மைக் கடையில் ஒரு சிசிடிவி இருக்கிறது. அப்பா நடமாடியதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று, அவரை அடக்கம் செய்த வாரமே ஆன் மேரி அதன் பதிவைப் பென் டிரைவில் வாங்கி வைத்திருந்தாளாம். மனசு வராமல் தள்ளிப் போட்டு, போன வாரம்தான் போட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டாயிரம் ரூபாய் கேமரா அது, ஓரமெல்லாம் மங்கல். ஆனாலும் கண்ணாடிக் கதவுக்குள் டிராயரும் என் கையும் தெரிகின்றன என்கிறீர்கள். தெரியட்டும்.

காலையில் இந்த ஸ்டேஷனுக்கே வந்து என்னிடம் ஒன்று கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அப்பாவ சமாதானப்படுத்தி வாங்கித் தந்திருப்பனே சித்தப்பா." பாவம், அவளுக்கு வியாபாரம் தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள் சார். மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் சாக வேண்டும் என்றுதான் கொடுக்கவில்லை. இந்தத் தாளில் எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த இரண்டாவது தாளில் மட்டும் முடியாது. கைப்பற்றிய பொருள் என்று போட்டு, 'பழுதடைந்த பழைய கேமரா ஒன்று, மதிப்பு ரூபாய் ஐந்நூறு' என்று ஏட்டையா எழுதியிருக்கிறார். அதில் ஒரு பழுதும் கிடையாது, ஒன்றுவிடாமல் நானே சோதித்திருக்கிறேன். அடித்துவிட்டு அறுபதாயிரம் என்று எழுதச் சொல்லுங்கள். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த பொருளை ஐந்நூறு ரூபாய் என்பது பிலோமின்ராஜ் அண்ணனுக்குச் செய்கிற துரோகம்.