முகம் பார்த்து நடந்தவள்

ஈரத் தரையில் ஆட்கள் அவ்வளவாக விழுவதில்லை, ஐயா. ஈரம் கண்ணில் பட்டதும் கால் தானாகவே ஜாக்கிரதையாகிவிடும். விழுவதெல்லாம் காய்ந்த தரையில்தான், அதுவும் ஓரளவு நடக்க வந்துவிட்ட பிறகு. படுக்கையில் கிடப்பவர் விழுவதில்லை, நன்றாக நடப்பவரும் விழுவதில்லை. இடையில் இருப்பவர்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்த பெண்களின் வார்டில் அந்த வேலை என்னுடையது. என் பெயர் தீர்த்தம்மாள்.

நான் சேர்ந்தபோது ஜப்பான்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. ரப்பர் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், நோயாளிகள் அக்குளில் வைத்து நடக்கும் தாங்குகட்டைகளுக்கு அடியில் மாட்ட ரப்பர் கிடைக்கவில்லை. வெறும் மரம் சிமெண்டுத் தரையில் வழுக்கும். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து கிடந்த லாரிகளின் பழைய டயரைக் கேட்டு வாங்கி, துண்டு போட்டு ஆணியடித்தேன். கட்டில் கால்களை அறுத்துத் தாழ்வாக்கச் சொன்னேன். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகாமல் யாரையும் எழுப்ப மாட்டேன். அந்த வார்டில் யாரும் விழுவதில்லை என்று டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்க எனக்கு நன்றாகவே இருந்தது.

நடை பழக்குவதில் எனக்கு ஒரு முறை உண்டு. காலைப் பார்த்துக்கொண்டே நடந்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். அதனால் நான் எதிரே நின்று, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பேன். அவர்கள் என் முகத்தையே பார்க்க வேண்டும். தரை என் பொறுப்பு. மேடா, பள்ளமா, சமதரையா என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் அடி எடுத்து வைப்பார்கள். கால் பலப்பட்டதும் கையை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுவேன். அப்போதும் கண் என் முகத்தில்தான் இருக்க வேண்டும்.

அது எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். கடத்தூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. பாவாடை கட்டுகிற வயதில் கல்யாணம். விவரம் தெரிவதற்குள் தாலி போயிற்று. வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வெளியே கிளம்பும்போது நான் எதிரே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சந்தைக்குப் போகும் நாளில் அண்ணன் வாசலில் தலையை நீட்டி, நான் இல்லை என்று தெரிந்த பிறகுதான் படி இறங்குவார். வருஷக்கணக்கில் அப்படி இருந்தால், சும்மா பேசுகிறவர்கள்கூட நம் தோளைப் பார்த்துப் பேசப் பழகிவிடுவார்கள். வார்டுக்கு வந்த பிறகுதான் மனிதர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பார்க்காமல் முடியாதே, விழுந்துவிடுவார்களே.

ஆனால் கால் வந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில், உறவுக்காரர் யாராவது என்னிடம் தலையைச் சொறிந்துகொண்டு வருவார். அவர் வாயைத் திறக்குமுன்பே நான் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு வெளியே வந்து படுக்கையை உதறுவேன். நான் நடக்கவைத்த ஒருத்தியாவது வாசல் தாண்டிப் போவதை நான் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கோபம் கிடையாது.

சின்னக்கா வத்தல்மலைக்காரி. கடுக்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துபோய், டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். என்னைவிட இளையவள். ஆனால் பெயரிலேயே அக்கா இருந்ததால் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. அவளும் என்னை அக்கா என்றாள். ஒருவரையொருவர் அக்கா என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொள்வோம். எனக்கு அதற்கு முன்பு அப்படிச் சிரித்த நினைவில்லை.

எங்கள் வார்டில் எல்லா நர்ஸும் வெள்ளைச் சேலைதான். மலைக்குக் கீழே இருக்கும் ஊர்ப் பெண்கள், என் வெள்ளை தாலியறுத்த வெள்ளை என்று இரண்டொரு நாளில் விசாரித்துத் தெரிந்துகொண்டுவிடுவார்கள். மலையிலிருந்து வந்தவள் என் வெள்ளையும் உத்தியோக வெள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தயக்கமும் இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மச்சம் இருப்பதை அவள்தான் முதலில் சொன்னாள்.

மலையில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. மாமியார் வளர்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பாதை ஏற முடியாத பெண்ணுக்கு அங்கே பிழைப்பு இல்லை. நன்றாக நடந்தால் ஒழிய அவள் அந்தக் குழந்தையிடம் போய்ச்சேர முடியாது. புருஷன் செல்லன் சந்தை நாட்களில் சாமையும் தேனும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எப்போது என்று கேட்டுப் போவான். அவன் போன பிறகெல்லாம் அவள் அழுவாள்.

"புள்ள என்ன மறந்துருமேக்கா. இப்பவே அது கெழவியத்தான் அம்மாங்குதாம்."

மறக்காது என்று நான் தேற்றுவேன். கால் ஊன்ற வந்த பிறகும், இன்னும் உறுதி வரவில்லை என்று டாக்டரம்மாவிடம் சில வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவசரப்படுத்தினால் விழுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கடைசியில் டாக்டரம்மாவே அவளை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். செல்லன் புதுச்சேலை வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான். நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். வாரி முடித்ததும் அவள் கீழே பார்த்துக்கொண்டு பேசினாள். பக்கத்துக் கட்டில் நஞ்சம்மாள் முந்தின நாள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. நான் பொறப்படறப்ப நீங்க செத்த உள்ளார இருந்துக்கிறீங்களா? இத்தன மாசங்கழிச்சுப் புள்ளையப் பாக்க வூட்டுக்குப் போறேன். நல்லபடியா போய்ச் சேரணுமில்ல."

அவள் கேட்டதில் தப்பில்லை. எல்லோரும் கேட்பதுதான். ஆனால் மற்றவர்கள் உறவுக்காரரை விட்டுக் கேட்பார்கள். இவள் தானே கேட்டாள், அதுவும் என் தோளைப் பார்த்துக்கொண்டு. சீப்பில் சிக்கியிருந்த அவள் முடியைச் சுருட்டி எடுத்தேன். சரி என்றேன். மலைப்பாதை கரடுமுரடாக இருக்கும், அதற்கு முன் ஒரே ஒரு தடவை நடந்து காட்டிவிட்டுப் போ என்றேன். அவள் மறுக்கவில்லை. என் மனது நோகக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

வழக்கமாக நடக்கும் வார்டுக்குள் அல்லாமல், அவள் பார்த்திராத பின்பக்கத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே நல்ல வெளிச்சம், தரையும் காய்ந்திருந்தது. நான் முன்னால் போய் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து வா என்று கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்தாள். முறைப்படி என் முகத்தைப் பார்த்தாள். முழுசாகப் பார்த்தாள், ஐயா. புதுச்சேலையில் தடி ஊன்றி நன்றாகவே நடந்து வந்தாள். பாதியில் ஒன்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். இரண்டடி வைத்தாள், விழுந்தாள்.

பழைய முறிவுக்குக் கொஞ்சம் மேலே புதிதாக முறிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. டாக்டரம்மா கேட்டதற்கு, அவங்க மூஞ்சியப் பாத்துத்தான் வந்தேன், உளுந்துட்டேன் என்று மட்டும் சொன்னாள். என் முறை ஒரு தடவை தவறிவிட்டது என்று டாக்டரம்மா எடுத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். வார்டு அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. கிளம்புகிற வேளையில் தாலியறுத்தவள் எதிரே நின்றால் என்ன ஆகும் என்று நஞ்சம்மாள் எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

முறிந்த இடத்தில் சீழ் வைத்தது, காய்ச்சல் இறங்கவில்லை. நான் ஒரு குறையும் வைக்காமல் பார்த்தேன். புண் கழுவுவது, கஞ்சி புகட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் கையால்தான். இனி அவள் எங்கும் போகப்போவதில்லை என்பதால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. அந்த நாட்களில் எனக்கு ஒருவித நிம்மதிகூட இருந்தது. ஆனால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். நான் தண்ணீர் கொடுத்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உயிர் போகும் வரையில் அந்தக் கண் என் பக்கம் திரும்பவில்லை. செல்லன் டோலியோடு வந்து, கொஞ்சம் ஒதுங்கிக்கச் சொல்லுங்க என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அவளைத் தூக்கினான்.

அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் என்னோடு நடக்க ஒப்பவில்லை. என்னைத் துணி அறைக்கே நிரந்தரமாக மாற்றிவிட்டார்கள். அங்கே மூட்டைகளும் பீரோவும்தான். ஒரு நாள் முழுக்க யாரும் கதவைத் திறக்காமலே போய்விடும். அங்கே உட்கார்ந்து யோசித்துப் பார்த்துத்தான் இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, யாரும் சந்தேகப்படக்கூட இல்லை. நானாக வந்தேன்.

ஒரு அநியாயம் நடந்திருக்கிறது, ஐயா. அந்தத் தாழ்வாரத்தின் நடுவில் தரை ஒரு படி கீழே இறங்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. "படி ஏதாச்சும் இருக்குதாக்கா?" என்றுதான் அவள் கேட்டாள். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அங்கே அழைத்துப் போனேன். இல்லை, சமதரைதான், வா என்றேன். அவளைத் தள்ளியது அந்தச் சொல். ஆனால் ஊர் முழுக்க இன்றைக்கும் என் முகத்தைத்தான் சொல்கிறார்கள். நீங்களும் இவ்வளவு நேரமாக மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். என் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு எழுதலாம்.