ஓர் எழுத்து குறைந்த கடல்

ராவியா: ...காலையிலயே கடலோரம் வான்னு சேதி அனுப்பிட்டு, இப்ப உக்காந்துக்கிட்டே தூங்குற. தேநீர் ஆறிப்போச்சு பாரு.

வஜ்தி: தூங்கல... படகு ஆடுறதைப் பார்த்தா கண்ணு தானா சொக்குது. நீ சொல்லு. நாளைக்கு விழா மேடையில என்ன பேசப் போற?

ராவியா: மேடை ஏறினாத்தானே.

வஜ்தி: ஏன், என்ன ஆச்சு?

ராவியா: எங்க செயலி மீனவங்களுக்குக் காத்து எப்பத் திரும்பும்னு சொல்லுதுல்ல... அந்த நிரல் நான் எழுதினது இல்ல. கடற்காகம்னு ஒருத்தர் இணையத்துல பொதுவா போட்டு வெச்சிருந்தது.

வஜ்தி: எடுத்துக்கட்டும்னுதானே போடறாங்க.

ராவியா: எடுத்துக்கலாம். மேல இருக்கிற பேரை மட்டும் விட்டுவைங்கன்னு கேட்டிருக்கார். எங்க மேனேஜர் அதை அழின்னுட்டார். கம்பெனி பேர் மட்டும்தான் இருக்கணுமாம். இல்லன்னா மேடைக்கு வேற ஆள்.

வஜ்தி: அழிச்சிடேன்.

ராவியா: என்னடா, இவ்வளவு லேசா சொல்ற?

வஜ்தி: அதுவும் புனைபேரு... அதுக்காக மேடையை விடுவியா? அந்த ஆள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்.

ராவியா: உனக்கெப்படித் தெரியும்?

வஜ்தி: தெரியாது... சும்மா சொன்னேன்.

ராவியா: நிரலுக்கு நடுவுல ஒரு குறிப்பு இருக்கு. கம்ப்யூட்டர் படிக்காம தாண்டிப் போற வரி. 'அப்பா, காத்து திரும்பிடுச்சு. நீங்களும் திரும்புங்க.'

வஜ்தி: அந்தத் தேநீரை இப்படித் தள்ளு.

ராவியா: அதையும் அழிக்கச் சொன்னார். கையே வரல... அவங்கப்பா திரும்பினாரோ என்னவோ.

வஜ்தி: திரும்பல... திரும்பியிருக்க மாட்டார்னு தோணுது.

ராவியா: இன்னொரு வேடிக்கை. நம்ம அரபியில கடலுக்கு 'பஹர்'னு எழுதணும்ல? எல்லா இடத்துலயும் 'பர்'னு எழுதியிருக்கார். 'பர்'னா கரை. நடு எழுத்து போய், கடல் முழுக்கக் கரையாயிடுச்சு.

வஜ்தி: கீபோர்டுல அந்தப் பொத்தான் தேஞ்சிருக்கும்.

ராவியா: இல்ல, அப்பா போன இடமெல்லாம் கரையா இருக்கட்டும்னு நினைச்சாரோ...

வஜ்தி: ...அப்படி நினைக்க நல்லாத்தான் இருக்கு.

ராவியா: காதுல சொருகின மல்லிகைச் செண்டை ஏன் பிச்சுக்கிட்டே இருக்க? பாதி உதிர்ந்துடுச்சு.

வஜ்தி: காத்து... ராவியா, நான் சொல்றதைக் கேளு. அழிச்சிடு. நீ மேடையில நிக்கிறதை நான் பார்க்கணும்.

ராவியா: நிரலை விழாக்காரங்களுக்கு நேரா அனுப்பிட்டேன். பேரோட, அந்தக் குறிப்போட. இனி யாரும் மாத்த முடியாது.

வஜ்தி: பைத்தியமா நீ? அப்ப மேடை?

ராவியா: வேற ஆள் ஏறட்டும். வருத்தம்தான். ஆனா கீழ உக்காந்து திரையில அந்தப் பேரைப் பார்ப்பேன். நீயும் வா.

வஜ்தி: யாருன்னே தெரியாதவனுக்காகப் போய்...

ராவியா: காலையில நீ அனுப்பின சேதியைத் திறந்து பாரு வஜ்தி. அதுலயும் 'பர்'னுதான் எழுதியிருக்க, கடல் கரையாத்தான் இருக்கு... பயப்படாத, கடற்காகம்னு மட்டும்தான் போட்டிருக்கேன். நீ கேட்டது அந்தப் பேரைத்தானே.