காற்றுப் புகாத எக்ஸ்ரே அறை

இவ்வளவு பிந்திய இரவில் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிந்தது. கைக்குழந்தைக்குச் சளி. அவளைத் தூக்கிக்கொண்டு நாளைக் காலை இரங்கல் கூட்டத்துக்கு வர முடியாது. என் உரையைத் தானே வாசிப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். ஐயா, நடுவில் எந்த வரியையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்குச் சங்கடமான வரிகளும் இதில் உண்டு. அவற்றையும் வாசித்துவிடுங்கள்.

மேடையில் அமர்ந்திருக்கும் பாலைவன ரோஜா வளர்ப்போர் சங்கத் துணைத்தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நம் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, கிளினிக்கில் கடைசி வரை அவருடன் வேலை செய்த சிஸ்டர் அவர்களே, தொட்டிகளில் மண் கலந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் தலைவரை எந்தப் பெயரால் அழைப்பது? இந்த மலையூருக்கு அவர் பல் டாக்டர். நமக்கு டாக்டரம்மா. இலையெல்லாம் உதிர்ந்து, அடி பருத்து, குளிர்காலம் முழுக்கக் கட்டை போல நிற்கும் அந்தப் பாலைவன ரோஜாச் செடிகளுக்கு அவர் யார் என்று கேட்டால், அவரே ஒரு பதில் வைத்திருந்தார். அதை நான் முதல் நாளே கேட்டுவிட்டேன்.

அப்போது என் மகள் வயிற்றில் இருந்தாள். கடைவாய்ப் பல் விண்டுபோய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

"எக்ஸ்ரே எடுக்கணும்னு சொல்லிடாதீங்க டாக்டர். வயித்துல பிள்ளை இருக்கு."

"எடுக்கணும்னாலும் பழைய எக்ஸ்ரே ரூம்ல இடம் இல்லம்மா. அங்க என் பிள்ளைங்க தூங்குது."

வலியை மறக்கடிக்க ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். பல்லைச் சரிசெய்த பிறகு கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்தக் கனத்த கதவைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஓர் இலை இல்லை.

"இதுக்கெல்லாம் உயிர் இருக்கா டாக்டர்?"

"கட்டைவிரலால அடியில அழுத்திப் பாரு. ஈறு மாதிரி கெட்டியா இருந்தா உயிரோட இருக்கு. லேசா சுருங்கியிருந்தா தாகம், அதுக்குப் பயப்படாதே. கொழகொழன்னு இருந்தா அழுகல்."

"தண்ணி ஊத்த மாட்டீங்களா?"

"தூங்குற பிள்ளைக்கு யாராவது சோறு ஊட்டுவாங்களா? குளிர்ல இதுங்களைப் பட்டினிதான் போடணும். உன் மாமியார்கிட்ட மட்டும் சொல்லிடாதே. டாக்டர் பிள்ளைங்களைப் பட்டினி போடறாங்கன்னு தெருவெல்லாம் சொல்லிடுவாங்க."

என் மாமியாரை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

அந்த அறையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பெரிய எக்ஸ்ரே இயந்திரம் போய், நாற்காலிக்குப் பக்கத்திலேயே சின்ன இயந்திரம் வந்த பிறகு அது காலியானது. கதிர் வெளியே போகாமல் இருக்கச் சுவருக்குள் ஈயத் தகடு பதித்த அறை. ஜன்னல் கிடையாது. கதவு மூடினால் மூடியதுதான். "என் ரூமுக்குள்ள குளிருக்கு அனுமதி இல்ல" என்று டாக்டரம்மா பெருமையாகச் சொல்வார். நாமும் கேட்டுத் தலையாட்டினோம். வீட்டுக்குப் போய் நம் அறைகளின் இடுக்குகளை அடைத்தோம்.

விதையிலிருந்து வளர்ப்பதை நமக்குக் கற்றுத்தந்தவர் யார்? கிளையை வெட்டி ஒட்டு வைத்து, கடையில் வாங்கிய பூவை நம் பூ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு கொம்பு போல நீண்ட காயைக் காட்டி, இது வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றோடு போய்விடும் என்று சொல்லி, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் அதைச் சுற்றிக் கட்டினாரே, அதற்கு முன் நம்மில் யாராவது அதைச் செய்து பார்த்திருக்கிறோமா? "விதையைக் குத்தி நடாதே, படுக்க வை. மேல மணலைத் தூவினாப் போதும், போர்வை போத்தாதே." இதைக் கேட்காமல் அவர் நாற்காலியை விட்டு எழுந்த நோயாளி உண்டா?

மேடையில் இருக்கும் துணைத்தலைவர் அவர்களே, உங்கள் கதையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் காவல்துறையில் இருந்தவர். பல் பிடுங்க வந்து, ஊசியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டீர்கள்.

"ஊருக்கே பயம் காட்டுற ஆளு, ஒரு ஊசிக்கு எழுந்து நிக்கிறீங்களே சார்."

"ஊசிக்கு இல்ல மேடம், நீங்க அதைப் புடிச்சிருக்கிற விதத்துக்கு."

டாக்டரம்மா உங்கள் உள்ளங்கையில் ஒரு பிடி விதையை வைத்து, "இதைக் கீழே போடாம புடிச்சுக்குங்க, விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றார். பல் வந்துவிட்டது, விதை விழவில்லை. வியர்வையில் ஊறிய அந்த விதைகளை வீட்டில் விதைத்து, முளைத்ததும் தட்டோடு தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் வந்து நின்றீர்கள். நம் சங்கம் அன்றுதான் ஆரம்பித்தது என்று டாக்டரம்மா எப்போதும் சொல்வார்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

டாக்டரம்மா செடிகளுக்குக் காவலிருந்தபடி தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னார்கள். உண்மை வேறு. அவருடைய கணவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். "நீ சொல்லும்மா. எனக்கு வாய் வரமாட்டேங்குது" என்றார்.

கடுங்குளிர் அடித்த அன்று சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. எக்ஸ்ரே அறையில் இருந்த மின்சார ஹீட்டர் நின்றுவிட்டது. பெரிய செடிகளைப் பற்றி டாக்டரம்மாவுக்குக் கவலை இல்லை. காய்ந்த மண்ணில் அவை ஓரிரவைத் தாங்கும். கோடையில் விதைத்த நாற்றுகள்தான் கவலை. அவர் தன் கையால் மகரந்தம் சேர்த்து, காய்க்கு நூல் கட்டி எடுத்த விதைகள் அவை. என்ன நிறத்தில் பூக்கும் என்று அவருக்கே தெரியாது. அவற்றின் முதல் குளிர்காலம் இது.

வீட்டிலிருந்த கரி அடுப்பைப் பற்றவைத்து அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். கதவுக்குக் கீழே துணியைச் சுருட்டி அடைத்தார். ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கரி கனன்றது, புகை இல்லை. புகை இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று நாம் எல்லோரும் நினைத்தோம் அல்லவா? மூடிய அறையில் கரி எரியும்போது ஒரு நச்சுவாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். இதைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் அவருடைய கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

காலையில் கதவைத் திறந்தவர் சிஸ்டர். அவர் என்னிடம் சொன்னது இது. "மேடம் தூங்குறாங்கன்னு நினைச்சேன். கன்னமெல்லாம் செவந்து இருந்துச்சு. முகத்துல அப்படி ஒரு களை, நான் பாத்ததே இல்ல. போர்வையை இழுத்து விடலாம்னு தொட்டேன். அப்பதான் தெரிஞ்சுது." அந்தச் சிவப்பும் நச்சுவாயு செய்த வேலைதான். நாற்றுகள் அத்தனையும் பச்சையாக நின்றன. ஒன்றும் வாடவில்லை.

மண்டப வாசலில் ஒரு பேனர் வைத்திருப்பதாக நம் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. 'செடிகளுக்காக உயிர் ஈந்த உத்தமி' என்று அதில் எழுதியிருக்கிறது. மன்னியுங்கள், அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. டாக்டரம்மாவின் கணவர் சொன்னதைக் கேளுங்கள்.

"எம்மா, யாரும் தியாகின்னு பேச வேண்டாம்னு சொல்லு. கொஞ்ச நேரத்துல வந்துடுறேன், டீயை ஆறவிட்டுடாதீங்கன்னுதான் சொல்லிட்டுப் போனா. காத்திருந்து நானே தூங்கிட்டேன். உயிரைக் கொடுக்கப் போறேன்னு சொல்லல. சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

விட்டிருப்பாரா? நம்மில் யாராவது விட்டிருப்போமா? அவர் உயிரைக் கொடுக்கவில்லை. அது அவரிடமிருந்து பறிபோனது. இடுக்கில்லாமல் அடைப்பதைத் திறமை என்று நினைத்த பழக்கம் அதைப் பறித்தது. அவருக்கு இருந்த அந்தப் பழக்கம்தான் உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது.

இதைப் புகழுரையோடு முடித்திருப்பேன், செயலாளரின் அறிவிப்பு வராமல் இருந்திருந்தால். டாக்டரம்மாவின் நாற்றுகளை உறுப்பினர்கள் பங்கிட்டு, அவர் வழியிலேயே, மூடிய அறையில் கரி அடுப்பு வைத்து இந்தக் குளிரைக் கடத்த வேண்டும் என்று அவர் குழுவில் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றுக்கு நடுவே நம் சங்கத்துத் தச்சர் மாமாவின் பதில். தன் வீட்டுப் பின்னறைக் கதவுக்கு ரப்பர் பட்டை அடித்து, ஊசி முனை நுழையாதபடி அடைத்துவிட்டாராம். நாற்றுகளோடு கதகதப்பாக இருக்கிறதென்று பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் இனி அங்கேதான் படுப்போம் என்கிறார்களாம்.

படித்தவுடன் அவருக்குப் போன் செய்தேன்.

"மாமா, அந்த ரூம்ல அடுப்பு வேண்டாம் மாமா."

"அட விடும்மா. நாங்க பொறந்ததுலேருந்து கரி அடுப்புல குளிர் காஞ்சவங்க. எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?"

"உங்க பழைய வீட்டு ஜன்னல் எப்படி மாமா இருக்கும்?"

"அதுவா, ஒழுங்கா மூடவே மூடாது. மரம் இளைச்சுப்போய்க் காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"அதனாலதான் மாமா ஒண்ணும் ஆகல."

"நீ பிள்ளை பெத்ததுலேருந்து எல்லாத்துக்கும் பயப்படுறே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பயப்படுகிறேன்தான். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிற ஆள் நான். என் கணவர் கேலி செய்கிறார். இதையும் பயந்தாங்கொள்ளியின் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஈயம் அடித்த அறையில் பல் டாக்டருக்கே தெரியாமல் போனது, ரப்பர் பட்டை அடித்த அறையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

டாக்டரம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி எடுக்கப்போகிறீர்கள். நானும் எடுக்கிறேன். பெரிய செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்துவோம். வெறும் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைப்போம். மின்சாரம் இல்லாத இரவில் நாற்றுத் தட்டுகளை இன்னொரு பெட்டியில் வைத்து, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சுற்றி நிறுத்தி, கம்பளியால் மூடுவோம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். பிழைத்தால் பிழைக்கட்டும். செத்தால் சாகட்டும். இதை எழுதக் கை கூசுகிறது, அவர் கடைசியாக வளர்த்தவை அவை. ஆனாலும் எழுதுகிறேன். வெயில் திரும்பினால் வேறு விதை விதைத்துக்கொள்ளலாம். மூடிய அறைக்குள் கரியோ எரிவாயுவோ எரியும் அடுப்பை எந்தச் செடிக்காகவும் வைக்க மாட்டோம் என்ற உறுதியை முதலில் எடுங்கள். மற்ற உறுதிமொழிகள் பிறகு.

குளிர் இரண்டு நாளாகக் கொஞ்சம் விட்டிருக்கிறது. நீங்கள் இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன அன்றிரவே அது திரும்பும் என்கிறார்கள். மின்சாரமும் போகும்.

தச்சர் மாமா, சபையில் உங்கள் பேரப்பிள்ளைகளை இழுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். பிள்ளைகள் இன்றிரவு எந்த அறையில் படுக்கிறார்கள், அந்த அறையில் அடுப்பு இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். மற்றவர்களும் எழுதுங்கள், ஆனால் மாமா, நீங்கள் முதலில். இருட்டுவதற்குள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.