நான் போட்ட உருண்டை

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே, பல்கலைக்கழக அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். இளையவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"நான் லேப்ல படம் எடுத்த அந்தப் புரோட்டீன் உருண்டையாவே இல்லக்கா. உருண்டை நான் போட்டது."

"என்னடி சொல்ற?"

"கம்ப்யூட்டர்ல படம் ஒரே கசகசன்னு இருந்துச்சு. நடுவுல ஒரு உருண்டை வரைஞ்சு, அதுக்கு வெளிய இருந்ததெல்லாம் மறைச்சேன். அந்த மறைப்பைத் திருப்பி எடுக்க மறந்துட்டேன். அதான் உருண்டையா தெரியுது."

"புரொபசர் பார்த்துட்டாரா?"

"எவ்ளோ அழகான உருண்டைன்னு போஸ்டர் அடிக்கவே கொடுத்துட்டாரு."

"அவர்கிட்ட சொல்லிடு லா."

"நேத்தே சொன்னேன்கா. அப்ப நிஜமா எப்படி இருக்கும்னு ஒரு வார்த்தை கேக்கல. உருண்டைக்கு நீலம் வேணாம், பச்சையா மாத்துன்னாரு."

"மாத்துனியா?"

"மாத்திட்டேன்."