படத்தில் நிற்கிற தேக்குகள்

"படு! படு! தலையைத் தூக்காதை!"

கத்துறது நான்தான். வட்டக்கச்சி. மார்கழி மழை. தூரத்தில் செல் குத்துற சத்தம், எறிகணை கிளம்புது. பிறகு கூவல். பிறகு நிலம் ஆடுது. நிலத்தைத் தோண்டின பங்கருக்குள் இரண்டு வீட்டுச் சனம். மேலே மண் மூட்டை. மூட்டைக்குக் கீழே தேக்கங்குற்றி. என்ரை தேக்கு.

காட்டை வெட்டிக் காணியாக்கினவன் நான். படிப்பு மூண்டாம் வகுப்போடை சரி. கிணறு என்ரை கையால் வெட்டினது. கல்வீடு கட்டினன். வீட்டுக்கு முன்னாலை போற ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தேக்கு நட்டு, வாளியால் தண்ணி ஊத்தினன். சனம் சிரிச்சது. "தெருவுக்கு மரம் வளர்க்கிறார் பெரிய மனுசன்!"

செல் கிட்ட வந்த கிழமை நானே அந்தத் தேக்குகளை அறுத்தன். எல்லா வீட்டுப் பங்கருக்கும் கூரை வேணும்.

பக்கத்து வீட்டுச் சித்திர வாத்தியார் குலசிங்கம் கதிரையோடு வந்து ஒழுங்கையில் இருந்தார். படம் கீறுறார்.

"அண்ணை, மூலை மரத்தை விடுங்கோ. இன்னும் கீறேல்லை."

"நீங்கள் கீறுங்கோ வாத்தியார், நான் அறுக்கிறன். ஆர் முந்துறது எண்டு பாப்பம்."

நான் முந்தினன். படத்தில் நிற்கிற மரங்களில் பாதிக்கு மேல் அப்ப பங்கர்களின் மேலே கிடந்தது. அறுத்த மரம் எப்பிடி நிண்டது எண்டு அவர் கீற, அடிக்கட்டையில் ஏறி நிண்டு கையை விரிச்சுக் காட்டினன். இந்தக் கொப்பு இப்பிடிச் சரிவு. இது மின்னல் பிளந்த கவடு.

"கையை இறக்காதேங்கோ அண்ணை!"

கூவல். வாய்க்காலுக்குள் விழுந்தம். வாத்தியார் தண்ணிக்குள் கிடந்தபடி படத்தை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடிக்கிறார்.

"கை போகும் வாத்தியார்!"

படம் நனையவில்லை.

தையில் ஊரை விட்டம். படத்தைச் சுருட்டித் தண்ணிக் குழாய்த் துண்டுக்குள் அடைச்சுக் குடுத்தவனும் நான்தான். பிறகு கடற்கரை. வெறும் மணல். சேலையைக் கிழிச்சு மண் மூட்டை தைச்சம். மேலே போட மரம் இல்லை. ஒரு செல். குழாயை வாத்தியாற்றை மனுசி செட்டிகுளம் அகதி முகாமுக்குச் சுமந்து வந்தா.

இப்ப அந்தப் படம் ஊர் மண்டபத்தில் தொங்குது. கீழே எழுதியிருக்கு: "எறிகணைகள் அழித்த ஒழுங்கை. ஓவியர் குலசிங்கம்." பிழை. செல் ஒரு தேக்கையும் தொடவில்லை.

போனவை இவை. தேக்கு முப்பத்திரண்டு, என்ரை மரமறுக்கிற வாளால். அந்தக் கூரைகளுக்குக் கீழே செத்தவர் ஒருத்தரும் இல்லை. மணலில்: குலசிங்கம் வாத்தியார். என்ரை மனுசி பூரணம். மகன் ரவி. மருமகள் சாந்தி. அவையின்ரை கைக்குழந்தை, பேர் வைக்கவில்லை. ஐஞ்சு பேர்.

கீறினது வாத்தியார். அவரின்ரை பேர் இருக்கட்டும். நட்டதும், அறுத்ததும், கட்டையில் நிண்டு காட்டினதும் தம்பிப்பிள்ளை, நான். அதையும் எழுதுங்கோ. தூரத்தில் நிண்டு வாசிக்கக்கூடியதாய், பெரிசாய் எழுதுங்கோ.