பெட்டிக்கு விழுந்த கைத்தட்டல்

கையில் மரச்சுத்தியும் முகத்தில் களைப்புமாக வீற்றிருக்கும் தலைவர் ஹார்லன் டீட்ஸ் அவர்களே! பல் போனாலும் பூதக்கண்ணாடியைப் பறிகொடுக்காத பெரியோர்களே! இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கோழிக்கறியும் மாவுத்துண்டும் வேகவைத்து நம் வயிற்றை நிறைத்த தாய்மார்களே! பென்சில்வேனியாவின் பழஞ்செம்புக் காசுப் பித்தர்களே! இருபத்தாறு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டிய இந்த வெர்னா கிளைனின் வணக்கம்.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைபடாத நாணயம், மதிப்பீட்டுக் கம்பெனியின் தர மதிப்பெண் சீட்டு ஒட்டப்படாத நாணயம், இனி நம் போட்டி மேசை ஏறக்கூடாதாம்! தீர்மானம் வந்திருக்கிறது, சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறீர்கள். தூக்குங்கள்! அதற்கு முன் இன்று காலை நடந்ததைக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு கணவரை இழந்த லோவினா மாஸ்ட் அம்மையார், அவர் விட்டுச்சென்ற பழைய செம்பு சென்ட் நாணயத்தைப் பருத்திப் பையில் போட்டுப் போட்டிக்குக் கொண்டுவந்தார். நம் நடுவர் லெஸ்டர் க்ராஃப் தொட்டாரா? தொடவில்லை!

"பெட்டி எங்கம்மா?"

"பெட்டியெல்லாம் இல்ல தம்பி. அவரு நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஒட்டக முடி பிரஷ்ஷால தடவித் தடவி வச்சிருந்தாரு. எடுத்துப் பாரேன்."

"நம்பர் இல்லாட்டி அது வெறும் செம்புத் துண்டும்மா. நகருங்க, வரிசை நிக்குது."

அந்த அம்மாள் பையின் நாடாவை இழுத்துக் கட்டினார்.

முதற்பரிசு எதற்குப் போயிற்று? பெட்டிக்கு! 'ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு, எழுபதுக்கு நாற்பது மதிப்பெண்' என்று சீட்டு மின்னிய பெட்டிக்கு! ஆறு நடுவர்கள், பன்னிரண்டு கண்கள், ஆறு பூதக்கண்ணாடிகள்! "ஆகா, என்ன பழுப்பு! என்ன வழவழப்பு!" என்று உருகினீர்களே! மறைப்பானேன், நானும்தான் கைதட்டினேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய லோவினா அம்மையார் போகிறபோக்கில் குனிந்து பார்த்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் காசுதான் தொண்ணூத்தி நாலு. இதுல கடைசி எண் ஆறுல்ல?"

"பெட்டியில நாலுன்னு போட்டிருக்கும்மா. பெட்டி தப்பு பண்ணாது."

யாரது, பின்வரிசையில் இருமுவது? இருமுங்கள் ஐயா, நன்றாக இருமுங்கள்! நான் பார்த்தேன். ஆறு! நாணயத்தில் பொறித்த பெண் தலையின் கீழே, பட்டாணி அளவுக்குத் தெரியும் ஆறு! சீட்டு ஒட்டியவன் தவறினான். சீட்டைப் படித்த நீங்கள் நாணயத்தையே பார்க்கவில்லை. அட மேதைகளே, சீட்டுப் படிக்கவா பூதக்கண்ணாடி வாங்கினீர்கள்? பெட்டிக்கு மாலை போடவா சங்கம் வைத்தீர்கள்? என்ன லெஸ்டர், கூரையில் யார் மதிப்பெண் ஒட்டியிருக்கிறார்கள், அங்கேயே பார்க்கிறீரே?

நாற்பது ஆண்டுகள் ஒரே நாணயத்தைப் பார்த்த மனிதருக்கு இந்த மேசையில் இடமில்லை என்றால், இந்த மேசை எனக்கும் வேண்டாம்!

தலைவரே, சுத்தியைக் கீழே வையுங்கள். மென்துணியை விரியுங்கள். நம் பழைய வழக்கப்படி அந்தப் பருத்திப் பை நாணயத்தை விளிம்பில் பிடித்து, கைக்குக் கை மாற்றி, பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் ஆளுக்கொரு மதிப்பெண் எழுதுங்கள். தீர்மானத்துக்குக் கை தூக்குவது அதற்குப் பிறகு. அப்போதும் கை எழும்பினால் தூக்குங்கள்.

பொறுத்திருந்து கேட்டவர்களுக்கு நன்றி. இருமியவருக்கும் நன்றி. இன்னும் போகாமல் வாசலில் நிற்கும் லோவினா அம்மா, கோட்டைக் கழற்றுங்கள், பையை அவிழுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு எங்கள் எல்லோருடைய வணக்கம்.