மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்

முதல் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறியதும் தூங்குவது என் வழக்கம். அன்று எதிர் சீட்டில், மடியில் ஸ்வீட் பாக்ஸ் வைத்திருந்தவர், "என் புக்கு பொன்னேரில மட்டும்தான் தெறக்கும், காதர் பாய்" என்றார். கண்ணை மூடியபடியே விழித்துக்கொண்டேன்.

"இன்னா வேலு, அது புக்கா, பேங்க் லாக்கரா?"

"பாய்லர் பரிட்சை புக்கு, சிடில வாங்கினேன். மொதல்ல எந்தக் கம்ப்யூட்டர்ல போடறமோ, அதுல மட்டும்தான் தெறக்கும். காப்பி எடுத்துடுவோமாம், அதுக்குப் பூட்டு. நான் பொன்னேரி பிரவுசிங் சென்டர்ல, மூணாம் நம்பர்ல போட்டுட்டேன்."

"பாட்டு கேசட்டு எந்த ஊட்டு டேப்புல போட்டாலும் பாடுது. புக்குக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

"அதான் தெனம் ஷிப்ட் முடிச்சிகினு அங்க போய்ப் படிச்சேன். நடுவுல அந்த மிஷின்ல வைரஸ் வந்துடிச்சி. எல்லாத்தையும் அழிச்சாதான் சரியாவும்னாங்க. அழிச்சா என் புக்கும் பூடும். சென்டர் நடத்தற மேரி அக்காதான், 'தம்பி பரிட்சை முடியட்டும்'னு அப்படியே வுட்டு வச்சாங்க. நாலு மாசம், பாய்! வேற யாருமே அதுல உக்காரல."

"அதான் பாஸாயிட்டியே."

"அதுக்குத்தான் இந்த ஸ்வீட்டு. குடுத்துட்டு, 'அக்கா, இனிமே தாராளமா அழிச்சிக்கோங்க'ன்னு சொல்லணும்."

காதர் பாய் கொஞ்சம் யோசித்தார்.

"ஸ்வீட்ட குடு. அழிக்க மட்டும் சொல்லாத."

"ஏன் பாய்?"

"அடுத்த பரிட்சை நான் எழுதறேன்."

இருவரும் சிரித்துக்கொண்டே பொன்னேரியில் இறங்கினார்கள். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். தூங்குகிறவன் சட்டென்று எப்படி எழுந்திருப்பது? அனுப்பம்பட்டு வரை போய்த் திரும்பினேன்.